அம்மனோடு காய் விட்ட மூன்று நாள்

எட்டு வயதில் நான் அம்மனைக் கெட்டவள் என்று முடிவுகட்டினேன். கொஞ்சமும் தயங்கவில்லை.

அக்காவுக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார். பெர்மனென்ட் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே என்னை பைக்கில் ஏற்றி எங்கள் பிளாக்கை இரண்டு சுற்று சுற்றினார். எனக்கு அது போதும். பட்டுப்பாவாடைக்கு நிறம்கூட முடிவாகிவிட்டது. அக்காதான் காலேஜுக்குப் போகணும் என்று தலையணையை நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அசையவில்லை. எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள், கடைசியில் ஒரு வழி சொன்னார்: "அம்மன்கிட்டயே பூ கேட்டுடலாங்க."

வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. மாமாவே அரளிப்பூக்களைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி, கோயிலில் அம்மன் காலடியில் போட்டார். பிள்ளைக் கைதான் எடுக்க வேண்டும். எடுத்தேன். சிவப்பு. மற்றப் பொட்டலத்தை மாமா அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவளே வேணான்னுட்டா. அப்புறம் நான் யாரு?" என்றார் அப்பா.

பைக் போயிற்று, பட்டுப்பாவாடை போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அம்மன் படத்துக்கு நேரே சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டேன். திருநீறு பூச வந்த அம்மாவின் கையைத் தட்டினேன்.

"சாமிகிட்ட சண்ட போட்டுக்கினு நிக்குது பாரு. பெரிய ஜட்ஜம்மா!"

மூன்றாம் நாள், மாமா முதல் ஷிப்டில் இருந்த நேரம். கோயிலுக்குப் போட்டுப் போன சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையில் எப்போதும் எனக்கென்று கமர்கட்டு இருக்கும். துழாவினேன்; பொட்டலம்தான் அகப்பட்டது. பிரித்தேன். வாடிச் சுருங்கியிருந்தாலும் சிவப்பு சிவப்புதானே.

என் வழக்கு நொடியில் புரண்டது. அம்மன் நிரபராதி, மாமா திருடன். அப்பாவிடம் ஓடிய என்னை அக்கா வழியில் மடக்கிச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ரெண்டுமே சிவப்புக்கா! மாமா ஏமாத்திட்டாரு! சாமி ஒண்ணுமே சொல்லல!"

அக்கா பூவைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"சாமி சொல்லலன்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள். "அப்பா காதுல விழுந்துச்சு, என் படிப்பு போச்சு. மூச்சு வுடாத."

விடவில்லை. அம்மனுக்கு இரண்டு விரல் நீட்டிப் பழம் விட்டேன், மாமாவோடு காய். தீர்ப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தத் திருட்டுப் பூவை அம்மன் படத்தடியில் வைத்து அக்கா ஏன் அப்படிக் கண்மூடிக் கும்பிட்டாள் என்பதுதான், அவள் காலேஜ் பஸ் ஏறிய அன்றுகூட எனக்கு விளங்கவில்லை.