யாரோ பார்த்துவைத்த படம்

எங்கள் கட்டடத்தின் வாசல் கதவில் விதோசாவாவின் மரண அறிவிப்பை ஒட்டி நாற்பது நாளாகிறது. கறுப்புக் கட்டம் போட்ட தாளில் பிறந்த வருடம், இறந்த வருடம், மகன் ஸ்லாவிஷாவின் பெயர். அதற்கு மேல் இடமில்லை. யாரையும் எளிதில் நம்பாதவர் என்று அதில் ஒரு வரி போட்டிருந்தால் எங்கள் நிஷ் நகரத்தில் பல பேர் சிரித்திருப்பார்கள். சிலருக்குப் பழைய கோபம் திரும்பியிருக்கும்.

இருபத்தேழு வருடம் அவர் காலுறைத் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் உத்தியோகம். கோட்டுக்குள் ஆறு ஜோடி காலுறையைச் சுற்றிக்கொண்டு போகிறவளை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாராம். தொழிற்சாலையை மூடிப் பதினைந்து வருடமான பிறகும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவில்லை. கடைக்காரர் தக்காளிப் பையை நீட்டினால் அடியில் இருப்பதை முதலில் பார்ப்பார். படிக்கட்டில் யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால், அவர்கள் போன பிறகு தன் கதவுப் பூட்டை ஒருதரம் தொட்டுப் பார்ப்பார்.

நான்காவது மாடியில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர். எனக்கு நகர நூலகத்தில் மதியத்துக்கு மேல்தான் வேலை. அதனால் காலைக் காப்பி தினமும் அவரோடுதான். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது, என்னுடையது அவரிடம். இங்கே எதிர்வீட்டில் சாவி கொடுத்து வைக்காதவர்கள் இல்லை. அவரே கொடுத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெருமை.

அவருடைய பெரிய சந்தேகம் ஸ்லாவிஷா மீதுதான். ஒரே பிள்ளை. ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். "நல்லாருக்கேம்மா. வேலைதான் ஜாஸ்தி" என்பான். போனை வைத்ததும் அக்கா என்னைப் பார்ப்பார்.

"கேட்டியா லுபா? நல்லாருக்கேன்னு சொல்றதுக்கு முன்னாடி மூச்சு இழுத்தான்."

"சளி பிடிச்சிருக்கும்க்கா."

"மூணு வருஷமாவா?"

மூன்று வருடத்துக்கு முன் "வாம்மா, வந்து ஒரு மாசம் இரு" என்று அவன் சொன்னதை நம்பி பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில், உல்மிலிருந்து வரும் பேருந்தின் ஓட்டுநர் த்ராகோமிர் ஸ்லாவிஷா அனுப்பிய ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பளபளப்பான கறுப்புப் பெட்டி ஒன்று, ஜாய்ஸ்டிக், என் பெயருக்கு ஒரு சீட்டு. எப்படி இணைப்பது, என்ன கடவுச்சொல் எல்லாம் அதில் எழுதியிருந்தான். நான்தான் டிவியோடு மாட்டினேன்.

"விளையாட்டுப் பெட்டிதானே இது? இதை வெச்சு நான் என்ன பண்ண?"

"இதுல எல்லாமே வரும்க்கா. டிவி சேனல், சினிமா, பாட்டு. ஸ்லாவிஷா அனுப்பற போட்டோகூட இதுலயே பாக்கலாம்."

"விளையாட்டுப் பெட்டின்னா விளையாட்டைக் காட்டணும். எல்லாத்தையும் நானே பண்றேன்னு ஒருத்தன் வந்தா அவன் பையத்தான் முதல்ல தொறந்து பாப்பேன். எங்க ஆலையில அப்படி ஒருத்தன் இருந்தான். குழாய் ரிப்பேர் பண்ணுவான், பல்பு மாட்டுவான், டீ போடுவான். கடைசில பாத்தா டைரக்டருக்குக் கோள் சொல்றதுதான் அவனுக்கு வேலையே."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கீறல். காற்றுத் துளையில் தூசி. ஜாய்ஸ்டிக்கின் குமிழ் தேய்ந்திருந்தது.

"இது புதுசில்ல. அவனோடது. தான் ஆசையா வெச்சிருந்த சாமானை ஒருத்தன் ஏன் குடுக்கறான்?"

"நீங்க தனியா இருக்கீங்கன்னுதான்."

"தனியா இருக்கேன்னா அவன்ல வரணும்? பெட்டி வந்திருக்கு."

அவன் அங்கே எதையோ மறைக்கிறான், அதை மூடத்தான் இது வந்திருக்கிறது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் பார்க்க ஆரம்பித்தார். முதலில் செய்தி, பிறகு துருக்கித் தொடர். குரோஷா வேலை செய்த வெள்ளைத் துணி ஒன்றைப் பெட்டி மேல் விரித்து, அதன் மேல் கணவரின் படத்தை வைத்தார். எங்கள் வீடுகளில் டிவி, பிரிட்ஜ், ரேடியோ எதுவுமே அம்மணமாக இருக்காது. பெட்டிக்கு மூச்சு முட்டியது. சூடேறி அணைந்தது. நான் துணியை எடுத்தேன். மறுநாள் மறுபடி விரித்திருந்தார்.

டிசம்பரில் ஒருநாள் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"ஆமா, அந்த இன்ஸ்பெக்டர் கடைசில அந்தப் பொண்ணக் கண்டுபிடிச்சானா?"

"எந்த இன்ஸ்பெக்டர்?"

"நல்லா நடிக்கற."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் சந்தைக்குப் போறப்போ பெட்டி ஜில்லுனு இருக்கு. வர்றப்போ சுடுது. இந்தக் கட்டடத்துல ஜெர்மன் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். காலேஜ்ல படிச்சேன்னு நீயே சொன்ன."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை. பையைத் திறக்கும் முன் எதைத் தேடுகிறோம் என்று சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் பழக்கம். கையை மட்டும் நீட்டினார்.

"சாவியக் குடு."

கொடுத்தேன். என்னுடையதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருடக் காப்பி அன்றோடு நின்றது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நான் சுவரைப் பார்த்துப் போனேன். அவர் என்னைத்தான் பார்த்தார், தலை முதல் கால் வரை, ஆலை வாசலில் பார்ப்பதுபோல.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரே வந்து என் கதவைத் தட்டினார். சந்தைக் கூடை கையிலேயே இருந்தது. மன்னிப்பு மாதிரி எதுவும் முகத்தில் இல்லை.

"வா. ஒண்ணு பாக்கணும்."

கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒட்டிவிட்டுப் போய், வந்ததும் தானே பிரித்தெடுத்த கறுப்பு நூலைக் காட்டினார். "சாவி எங்கிட்ட. நூல் அறுந்து போகல. ஆனா கோடு நகர்ந்திருக்கு."

"எந்தக் கோடு?"

டிவியைப் போட்டார். பாதியில் விட்ட படங்களின் வரிசை வந்தது. ஒவ்வொன்றின் கீழும், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு. முதலில் இருந்தது ஒரு ஜெர்மன் போலீஸ் தொடர். இதைத்தான் என் தலையில் கட்டியிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

"காலைல எட்டு மணிக்கு மூணாவது பாகத்துல பாதி. இப்போ பதினொண்ணு. அஞ்சாவதுக்குப் போயிடுச்சு. யார் வந்து பாக்கறா?"

"பால்கனி வழியா வந்திருப்பாங்க."

"நாலாவது மாடிடீ. கிண்டலா பண்ற?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. திரையின் மூலையில் இருந்த பெயரைக் காட்டினேன். "ஸ்லாவிஷான்னு போட்டிருக்குல்ல? இது அவன் கணக்குக்கா. படம் இந்தப் பெட்டிக்குள்ள இல்ல. அவன் அங்க போன்ல பாத்தா இங்க கோடு நகரும். நீங்க பாக்கற துருக்கித் தொடர் அவனுக்கும் தெரியும்."

"சூடு?"

"அணைக்காம துணியால மூடிட்டுப் போனா சுடாதா?"

அவர் முகம் மலர்ந்தது. "என் புள்ளயா பாக்கறான்?" என்று எழுந்து போய்த் திரையைத் தொட்டார். சிவப்புக் கோட்டின் நுனியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் விரல் கீழே இறங்கியது.

"லுபா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

"காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஷிப்டுன்னு சொன்னான்."

"லீவு போட்டிருப்பான்."

"மூணு வாரமாவா போட்டிருப்பான்?"

அவருக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து தருகிறேன், இனி குழப்பம் இருக்காது என்று மட்டும் சொன்னேன்.

"தொடாதே. பிரிச்சிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஞாயிறு அவன் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "வேலை கஷ்டமாடா?" என்று கேட்டார். "ஆமாம்மா, முதுகு ஒடியுது" என்றான். சரி, உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டார். கேட்டால் இன்னொரு பொய் சொல்வான், அதையும் சேர்த்துத் தான் சுமக்க வேண்டும் என்றார்.

பழையபடி தினமும் காப்பி குடித்தோம். ஆனால் இப்போது பெட்டியின் முன்னால். அது அவருக்கு மகனின் ஜன்னல்போல ஆகிவிட்டது. காலை எழுந்ததும் பார்ப்பார், சந்தைக்குப் போகும் முன் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். ஜனவரியில் கோடு பகல் முழுக்க நகர்ந்தது. பிப்ரவரியில் விடியற்காலையிலும். ஒரே தொடரை முதலிலிருந்து இரண்டாம் தடவை பார்க்க ஆரம்பித்திருந்தான். "தூங்கறதில்ல இவன்" என்றார். "வேலையும் இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. எவ கூடயோ இருந்தா இத்தன படம் பாக்க மாட்டான். ஒண்டியா இருக்கான்."

பிப்ரவரி கடைசியில் ஆறாம் பாகத்தில் கோடு நின்றது.

முதல் நாள் அவருக்குச் சந்தோஷம், வேலை கிடைத்துவிட்டதோ என்று. இரண்டாம் நாள் மாலையில் போன் போட்டார், அணைந்திருந்தது. ஞாயிறு வந்தது, அழைப்பு வரவில்லை. யாரோ நகர்த்துகிறார்கள் என்று என்மேல் பாய்ந்த அதே அக்கா, இப்போது அந்த ஆறாம் பாகத்தின் கோடு ஒரு நூல் நகராதா என்று திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட்டோடு வந்தார்.

"த்ராகோமிர் வண்டியில சீட்டு சொல்லிட்டேன்."

"அங்க போலீசுக்குப் போன் பண்ணலாம்க்கா. நான் ஜெர்மன்ல பேசறேன்."

"போலீஸ் வந்து கதவத் தட்டினா என்ன சொல்லுவான்? எல்லாம் நல்லாருக்குன்னுவான். சொல்லாம போய் நிக்கணும். சொல்லிட்டுப் போனா எவளும் பையில எதையும் வெச்சிருக்க மாட்டா."

கூடவே அவர் வீட்டுச் சாவியை நீட்டினார்.

"என்னக்கா, நம்பிக்கை வந்துடுச்சா?"

"இல்ல. வேற ஆளில்ல. போய் உக்காந்து பாரு. கோடு நகர்ந்தா உடனே எனக்குப் போன் பண்ணு. வழியிலேயே எறங்கித் திரும்பிடுவேன்."

திரும்ப மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயதில், ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல், மிளகாய் ஊறுகாய் ஜாடிகள் நாலும் புகைபோட்ட இறைச்சியும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

நான் நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவர் சோபாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கோடு நகரவில்லை. பெட்டி சிலசமயம் தானாக உறுமும், அப்போதெல்லாம் எழுந்து பார்ப்பேன். என் மனசும் அவருடையதுபோலக் கோணலாக ஓட ஆரம்பித்தது. கதவை யார் திறப்பார்கள், வீட்டுக்காரரா, வேறு யாராவதா, யாருமே திறக்கவில்லை என்றால் என்று.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது.

"இருக்கான்." அவ்வளவு சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "தொறந்தான். தாடி இவ்ளோ தூரம். கிடங்குல பாரம் தூக்கி முதுகு போயிடுச்சு லுபா, போன கோடைலயே. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. இன்டர்நெட்டக் கட் பண்ணிட்டாங்களாம், போனும் போச்சு. ஷட்டர எறக்கிட்டு இருட்டுல படுத்திருக்கான்."

"அவனா சொன்னான்?"

"அவன் எங்க சொன்னான்? லீவுல இருக்கேம்மான்னான். குளிக்கப் போனப்போ அலமாரியத் தொறந்தேன். தட்டுக்கு அடியில கடுதாசி."

"உங்களுக்குத்தான் ஜெர்மன் தெரியாதே."

"தேதி தெரியும்ல? ஜூலை. அத நீட்டினதும் மீதிய அவனே சொன்னான்."

பின்னால் ஓர் ஆண் குரல், யாரும்மா என்றது. "உன்ன உளவு பாத்தவ" என்றார் அக்கா. அவன் சிரித்தானா அழுதானா என்று போனில் தெரியவில்லை.

கோடையில் வந்துவிடுகிறேன், நீ முதலில் போ என்று அவன் சொல்லியிருக்கிறான். சரிடா என்று சொல்லிவிட்டு, அவன் வீட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டாராம். கதவுக்குக் குறுக்கே. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவனே துணிகளை மடித்தான்.

பேருந்து நிலையத்துக்கு நான் போயிருந்தேன். ஸ்லாவிஷா முதலில் இறங்கினான், கைப்பிடியைப் பிடித்து மெல்ல. அவனுக்குப் பின்னால், அவன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா. த்ராகோமிர் என்னிடம் முறையிட்டார்.

"உங்க அக்காவ இனிமே ஏத்த மாட்டேம்மா. ஒவ்வொரு பெட்ரோல் பங்குலயும் ஆம்பளைங்க கக்கூஸ் வாசல்ல போய் நின்னுச்சு. ஒருத்தனும் உள்ள போக முடியல."

"அதுக்குப் பின்வாசல் இருந்துச்சு" என்றார் அக்கா. "நான் பாத்தேன்."

"நிஷ்ஷுக்கே வந்தாச்சேம்மா" என்றான் ஸ்லாவிஷா. "இன்னுமா நம்பல?"

"நம்பறேன் நம்பறேன்" என்றார். பையைக் கொடுக்கவில்லை. "முன்னாடி நட."