சக்ரபாணி சார் வாங்கித் தந்த இணையம்

எதிர் ஃப்ளாட் ரமா மாமி கம்ப்யூட்டரில் துப்பாக்கி சுடுகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பல் பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் துடைப்பத்தால் தள்ளி வெளியே விடுகிற மனுஷி. உறைமோர் வாங்கப் போனால், காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "பீச்சே ஹை, மாரோ", பின்னால் இருக்கிறான், சுடு என்று இந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

மகன் சந்தீப் வேலை கிடைத்துப் புனே போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. பொழுது போகாமல் தொட்டுப் பார்த்தவள், இப்போது நான்கு பேர் அணிக்குக் கேப்டன். மற்ற மூவரும் கல்லூரிப் பிள்ளைகள். வாய்க்கு வாய் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அவளை எதற்கும் யாரும் கேப்டனாக்கியதில்லை.

வீட்டு இணையம்தான் படுத்தியது. ஆட்டத்துக்கு நடுவில் அடிக்கடி அறுந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை போட்டியிலும் அப்படி ஆனால் வேறு ஆளைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். மாமி கணவரிடம் போய் நின்றாள்.

சக்ரபாணி சாருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பொருள் வாங்கும் பிரிவு. மூன்று இடத்தில் விலை கேட்டு, மலிவாகச் சொன்னவனுக்கு ஆர்டர் கொடுப்பது அங்கே வழக்கம். குக்கரிலிருந்து மெத்தை வரை வீட்டிலும் அதே கதைதான். "நீயா விளையாடறே? இந்த வயசுலயா?" என்று வாயைப் பிளந்தவர், சற்று நேரத்தில் ஆபீசராகிவிட்டார். இருநூறு எம்பிபிஎஸ் வேகம் என்று நிபந்தனையைத் தானே எழுதினார். மூன்று கம்பெனிகளைக் கேட்டு, மலிவானதைப் பிடித்தார்.

மாமி தணிவாகத்தான் சொன்னாள். "ஏன்னா, வேகம் இருக்கறதே போறும். எனக்குப் பிங் கம்மியா இருக்கணும். நான் பட்டனை அமுக்கினா அந்தப் பக்கம் போய்ச் சேர லேட்டாகப்படாது."

"அதெல்லாம் நக்கோ, வேண்டாம். ஸ்பெசிஃபிகேஷன்ல பிங் இல்லை. ஆர்டர் போட்டப்புறம் புதுசா ஒண்ணு கேக்கப்படாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டுக்கு வாங்குவதற்கு யார் வந்து இவரைத் தணிக்கை செய்யப்போகிறார்கள்?

மொட்டைமாடியில் ஒரு டிஷ் தட்டை மாட்டி, மல்லாபூர்ப் பக்கத்து டவரிலிருந்து காற்றிலேயே இணையத்தை இழுத்தார்கள். சினிமா பளிச்சென்று ஓடியது. சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் சாரும் நானும் மாமிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கடைசிச் சுற்றில் எதிராளி தனியாக மாட்டினான். மாமி குறிபார்த்து அமுக்கினாள். திரை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது மாமியின் ஆள் செத்துக் கிடந்தான், ஆட்டமும் முடிந்திருந்தது. ஸ்பீக்கரில் ஒரு பையன் இந்தியில், "சாரி கேப்டன், இனிமே உங்க இடத்துல எங்க காலேஜ் ஹர்ஷிதா ஆடட்டும்" என்றான்.

சார் திரையை எட்டிப் பார்த்தார். "இருநூறு காட்டறதே ரமா, நான் பாத்தேனே."

மாமி திரும்பினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "கல்யாணமானதுலேர்ந்து எல்லாத்தையும் நீங்கதான் வாங்கறேள். ஆபீஸ்லகூட உபயோகிக்கறவாளைக் கேட்டுண்டுதானே ஆர்டர் போடுவேள்? என்னை ஒரு தடவையாவது கேட்டிருக்கேளா?"

சார் போனை எடுத்து, "எந்தக் கம்பெனி வேணும், சொல்லு" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

அந்த வாரமே மாமி சொன்ன கம்பெனியின் ஃபைபர் வந்தது. வயரை மேஜை வரைக்கும் இழுத்துக் கொடுத்துவிட்டு ஆள் போனான். அவன் ஆணி அடித்த ஒவ்வொரு இடத்திலும் சார், "ரமா, இங்க இருக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிங் எட்டு என்று காட்டியது. மாமி விளையாட்டைத் திறந்தாள். அணியில் நான்கு பெயர்கள் இருந்தன, அவள் பெயர் இல்லை.

"கூப்பிடுவா, இரு" என்றார் சார்.

"கூப்பிடமாட்டா" என்றாள் மாமி.