ஆனேக்கல் பஸ்ஸில் ஒரு கடைவாய்ப் பல்

இன்று மாலை பெங்களூரில் ஆனேக்கல் பஸ்ஸில் ஆப்டிமைசேஷன் நோட்ஸைப் படித்துக்கொண்டே வந்தேன். குறைந்த செலவில் அதிகப் பலனைக் கண்டுபிடிக்கிற எம்.டெக். பாடம். பெரிய கொட்டாவி வந்தது.

எதிர் சீட்டில் வெள்ளைக் கோட்டை மடியில் வைத்திருந்த பெண் என் வாயையே பார்த்தாள். ஒரு பெண் என்னை அவ்வளவு ஆர்வமாகப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

“தமிழா நீங்க? கீழ்க் கடைவாய்ப் பல்லு சொத்தையா இருக்குண்ணா. நான் டென்டல் ஃபைனல் இயர். நாளைக்குக் காலைல பிராக்டிகல். வர்றேன்னு சொன்ன பேஷண்ட் ஊருக்குப் போயிட்டாரு. யாரும் கிடைக்கலேன்னா ஃபெயில்தான். நீங்க வாங்கண்ணா, ஃப்ரீயா அடைச்சு விடறேன்.”

செலவு பூஜ்யம், பலன் ஒரு பல். ஆனாலும், “மதியம் எனக்கும் எக்ஸாம் இருக்கே,” என்றேன்.

“ஊசி போட்டா ஒரு பக்கம் மரத்துப் போகும், அவ்ளோதான். எக்ஸாம கையாலதானே எழுதுவீங்க?”

வாதத்தில் குறை தெரியவில்லை. மொபைல் நம்பரைக் கொடுத்தேன். “தேங்க்ஸ்ணா,” என்று கண் கலங்கியவள் ஹெப்பகோடியில் இறங்கிப் போனாள்.

பஸ் கிளம்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாளை எனக்கு எழுத்துத் தேர்வு இல்லை. வாயால் பதில் சொல்ல வேண்டிய வைவா.

ஒரு கன்னத்தில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு ‘ஆப்டிமைசேஷன்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். என்ன வந்ததோ அதை அப்படியே கீழே கமெண்டில் எழுதுங்கள்.