வாசனை ஏறிய மூட்டை

சுஜாதாவுக்கு வேர்வை என்றால் அப்படியொரு வேர்வை. போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரித்துக் காய் பொறுக்க உட்கார்ந்தாலே ரவிக்கை தொப்பலாகிவிடும். காய்ச் சக்கை பறக்குமென்று அங்கே காற்றாடியும் போட மாட்டார்கள். காயில் ஈரம் பட்டால் வேலை போய்விடும். போனால் மறுபடி மலைத் தோட்ட வேலைக்கு ஜீப்பில்தான் போயாக வேண்டும். போன வருஷம் குரங்கணி ரோட்டில் கவிழ்ந்த ஜீப்பிலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வெளியே வந்தவள் அவள். ஹாரன் கேட்டாலே இன்றைக்கும் குலை நடுங்கும்.

பயந்தவளுக்குப் புத்தி நிதானத்திலா இருக்கும்? ஃபேன்சி ஸ்டோரில் ஒரு ஸ்பிரே வாங்கி, நாலு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். கிட்டங்கியில் பூ, பவுடர் எதுவும் ஆகாது. பக்கத்தில் எது மணந்தாலும் ஏலக்காய் இழுத்துக்கொள்ளும். இது வேர்வைக்கு மருந்துதானே என்று நினைத்துவிட்டாள், பாவி மகள். வேர்வையோ நின்றபாடில்லை.

டப்பாவை மருந்துக்கடை முத்துக்கண்ணனிடம் காட்டினாள்.

"அக்கா, இது டியோடரண்டு. நாத்தத்த அமுக்கி வாசனை குடுக்கும், அம்புட்டுத்தான். வேர்வைய நிப்பாட்டாது. அதுக்கு ஆன்டிபெர்ஸ்பிரன்ட்டுன்னு வேற இருக்கு. வேர்வை வர்ற துளைய அடைச்சு ஈரத்தக் கொறைக்கும். வாசனை இல்லாததும் இருக்கு, தரவா?"

வாசனை என்றதும்தான் சுஜாதாவுக்கு உறைத்தது. நாலு நாளாகப் பொறுக்கிய காயெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டதே!

மறுநாள் சரக்கு வாங்க வந்த வியாபாரி அந்த மூட்டையைப் பிரித்து மோந்தார். "என்னய்யா, சென்ட்டு வாடை அடிக்குது?"

மேஸ்திரி ஜக்கையன் பெண்கள் பக்கம் திரும்பினார். கோயிலிலிருந்து நேரே வந்திருந்த வீரலட்சுமியின் கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"எந்திரி. இனி இந்தப் பக்கம் வராத."

வாயைத் திறந்துவிடாதே என்று சுஜாதாவின் உயிரே கெஞ்சியது. வீரலட்சுமி அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள்.

"அண்ணே, அவ இல்ல. வேர்வைக்குன்னு ஸ்பிரே அடிச்சது நான்தான்."

ஜக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ கெளம்பு."

வாசல்வரை வீரலட்சுமி கூடவே வந்தாள்.

"மேல போற ஜீப்பு இப்பவும் ஆறு மணிக்குத்தானா, ஆத்தா?" என்று கேட்டாள் சுஜாதா.