படி இல்லாத வீடு

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் இராசையா லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைத் தோட்டத்து ஆலையான ஸ்டோரில் ஏற்றித் தெமோதரை ஸ்டேஷனில் இறக்குவார். திரும்பி வரும்போது உரமோ அரிசி மூட்டையோ ஏற்றி வருவார். எந்த வளைவில் கல் உருளும், மழை விட்டபிறகு எந்த இடத்தில் மண் இளகிக் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்தை நடத்தும் தொரைமார் எத்தனையோ பேர் வந்து போனார்கள், லொறியும் இரண்டு மூன்று மாறிவிட்டது. டிரைவர் மட்டும் அவரே.

அவர் மனைவி வேலாயி பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் கொண்டுவந்து விடும் கைக்குழந்தைகளை வேலை முடியும்வரை தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அவளும் கூடை சுமந்தவள்தான். மலை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோயிற்று. படியைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டுதான் காலை வைப்பாள். அந்தத் தோட்டத்தில் படி இல்லாத இடம் எங்கே இருக்கிறது? குழாயடிக்குப் படி, கோயிலுக்குப் படி, பிள்ளைக்காம்பராவுக்கு ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் கல்படி.

அவர்கள் குடியிருந்தது தோட்டம் கொடுத்த டிரைவர் குவார்ட்டர்ஸ். வேலையை விட்ட அன்றே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே மகள் மாரியாயி தெமோதரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் மாமியார், பிள்ளைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் ஒண்ட முடியாது. இராசையாவுக்கு வயது ஏற ஏற, 'அப்புறம் எங்கே?' என்ற கேள்வி வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு இருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை என்று பதில் வந்தபோது, இவர்கள் இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டது. அதனால் பதுளைப் பக்கமே ஒரு துண்டு நிலம் பார்க்கலாம் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் அந்தப் பேச்சை மாற்றிவிட்டது. சில நாள் லொறியை வெளியே எடுக்க வேண்டாமென்று தொரை சொல்லியிருந்தார். பிறகு எடுத்துக்கொண்டு போன முதல் நடையில், தினமும் போகிற ரோட்டில், நாலைந்து பேர் வண்டியை மறித்துப் பேர் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் இராசையா வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, பிசைந்த கையை எடுக்காமலே இருந்தார்.

"நமக்குன்னு ஒரு எடம் இருக்குன்னா அது அக்கரையிலதான் புள்ள. தொட்டியத்துக்கே போயிரலாம்."

திருச்சிப் பக்கம் காவேரிக் கரையில் இருக்கும் தொட்டியம் அவருடைய தகப்பனார் ஊர். தாயின் இடுப்பில் இருந்தபடி கப்பலேறி வந்தவர் இராசையா. ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னது. வேலாயியோ இதே மலையில், இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்.

"நான் பாத்ததே இல்லியே அந்த ஊர" என்றாள்.

"பாத்தாப் போவுது."

அன்றிலிருந்து தோட்டத்தில் யாரைக் கண்டாலும் அவருக்கு இதே பேச்சு. கங்காணியிடம் சொன்னார், ஸ்டோர்க்காரர்களிடம் சொன்னார், ஸ்டேஷனில் பெட்டி இறக்குகிறவர்களிடமும் சொன்னார். ஆறு, வாழைத் தோட்டம், ஓட்டு வீடு. வேலாயிக்கு மனசு ஒட்டவில்லை. மகளையும் பேரப் பிள்ளைகளையும் விட்டுக் கடல் தாண்டுவதா என்று உள்ளுக்குள் அழுதாள். ஆனாலும் அந்த ரோட்டில் நின்று பேர் சொன்னது அவள் இல்லையே. அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அறுபதாம் வருஷம் மாசி மாதம் லீவு எடுத்துக்கொண்டு, வீடு பார்த்து வர இரண்டு பேரும் புறப்பட்டார்கள். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு திருச்சிக்கு ரயில், கடைசியில் புழுதி பறக்கும் ஒரு பஸ். தொட்டியத்தில் இறங்கியபோது சித்தப்பா மகன் நல்லுசாமி கட்டை வண்டியோடு காத்திருந்தார். வாழை போட்டிருந்த மனிதர், கையில் கொஞ்சம் வசதியும் இருந்தது. விருந்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வாய்க்கால் கரையில் அவர் பார்த்து வைத்திருந்த வீடும் நல்ல வீடுதான். ஓடு போட்டது, கிணறும் இரண்டு தென்னையும் உள்ளது.

வேலாயிக்கு அந்த மண்ணில் கால் வைத்த மறுநாளே ஒரு அதிசயம் தெரிந்தது. நடக்கலாம். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். தரை அவள் காலுக்கு வழிவிட்டுக்கொண்டே போயிற்று. நல்லுசாமியின் மனைவியோடு ஆற்றுக்குப் போய்க் குளித்து, ஈரச் சேலையோடு வாழைகளுக்கு நடுவே திரும்பி வந்தாள். சந்தைக்குப் போனாள். கோயிலுக்குப் போனாள். முழங்கால் வலிக்கவில்லை. வெயில் மட்டும் கொஞ்சம் கடுமை. அதுவும் பழகிவிடும் என்று பட்டது.

'இது மோசமில்லை. மகளை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லலாம்' என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

இராசையாதான் மாறிப்போனார். முதல் நாள் ஓயாமல் பேசியவர் மறுநாள் பாதியாகக் குறைந்தார். அதற்கு அடுத்த நாள் நல்லுசாமி கேட்டதற்கு மட்டும் பதில். சாயங்காலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, வருகிற லொறிகளைப் பார்ப்பார். அங்கே டீக்கடையில் எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். "வாங்க, கண்டிக்காரரே" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள்; இலங்கையிலிருந்து வந்தவர் யாரானாலும் அங்கே கண்டிக்காரர்தான். "கண்டிக்கு எப்பத் திரும்புறீங்க?" என்று தினமும் ஒருவராவது கேட்டார். அவர்கள் எதையும் மனசில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. இராசையாதான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

"என்னாங்க, பேசாமலே இருக்கீங்க?" என்று வேலாயி கேட்டாள்.

"ரோடு பாத்தியா? கண்ணுக்கு எட்டுன தூரமும் நேரா போவுது. இதுல வண்டி ஓட்டுனா தூக்கந்தான் வரும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு அச்சாரம் கொடுப்பதற்கென்று ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அன்று இராசையாவுக்குப் பல்வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள். அன்று நாள் சரியில்லை என்று அவரே சொன்னார். நாள் நட்சத்திரம் பார்க்காத மனிதர். திங்கட்கிழமை வீட்டுக்காரரை நல்லுசாமி கையோடு அழைத்து வந்துவிட்டார். பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. வேலாயி உள்ளே இருந்தபடி கதவோரமாகப் பார்த்தாள். இராசையா வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, கிள்ளியதை மறுபடி கிள்ளிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எல்லையையும் கிணற்றையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் இராசையா தலை நிமிர்ந்து, சம்பந்தமே இல்லாமல், "திருச்சிக்குக் காலைல மொத பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

வேலாயிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஊர் பூராவும் சொல்லித் திரிந்த மனிதன் இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? தம்பி முன்னால் சொல்ல முடியாது, தோட்டத்துக்குப் போய் அந்தக் கங்காணி முகத்தில் எப்படி முழிப்பது? வாய்விட்டுச் சொல்லாமலே அச்சாரத்தைக் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டுக் கடைசி மூச்சுவரை அந்த பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்பார்.

அவள் வெளியே வந்தாள். ஆண்கள் பேசும் இடத்தில் வந்து நின்றதே அங்கே எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது.

"கொழுந்தனாரு மன்னிக்கணும். எனக்கு இந்த ஊருத் தண்ணி ஒத்துக்கல. நான் இங்க வந்து இருக்க மாட்டேன். வீடு வேணாம்."

நல்லுசாமியின் முகம் சிவந்தது. அவர் மனைவி, நேற்றுவரை ஆற்றுக்குக் கூடவே வந்தவள், நம்பாமல் பார்த்தாள். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இராசையா கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

கப்பலில் திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"தண்ணி ஒத்துக்கலன்னா சொன்ன?"

"ஆமா."

"அப்படியா" என்றார். பிறகு தன் போர்வையை எடுத்து அவள் காலைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

தோட்டத்தில் பேச்சு வேறு விதமாகப் பரவியது. பாவம் டிரைவர், எவ்வளவு ஆசையாகப் போனார், பொண்டாட்டி பிடிவாதம் பிடித்துக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். குழாயடியில் வேலாயியின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "ஆமா, எனக்குப் புடிக்கல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வாய்க்கால் கரை வீட்டை நினைத்து அவளுக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை. குறிப்பாகப் பிள்ளைக்காம்பராப் படிகளில் ஏறும்போது.

இடம் பார்க்கும் வேலை புதிதாகத் தொடங்கியது. வேலாயி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க வேணும்னாலும் பாருங்க. படி மட்டும் இருக்கக் கூடாது."

ஊவா மலைநாட்டில் படி இல்லாத வீடு. கேட்டவர்கள் சிரித்தார்கள். எல்ல என்ற ஊரில் ஒரு துண்டு நிலம் வந்தது. நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், ஆனால் நிற்பதற்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெமோதரையில் மகள் வீட்டுக்குக் கிட்ட ஒன்று இருந்தது. ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்குவதற்குள் இராசையாவுக்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் சலிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தொட்டியத்தில் தொலைந்துபோன பேச்சு அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

கடைசியில் வழி காட்டியவர் லத்தீப். பதுளை பஜாரில் ஆணி, தகரம், சுண்ணாம்பு விற்கும் கடைக்காரர். தோட்டத்துச் சாமான் ஏற்ற இராசையா அங்கே நெடுங்காலமாகப் போய்வருகிறவர்.

"டிரைவர் ஐயா, டவுனுக்குக் கீழ வயலோரமா நம்ம பழைய லொறிக் கொட்டில் ஒண்ணு கெடக்கு. பின்னால காவக்காரன் இருந்த ரெண்டு அறையும் இருக்கு. லொறி நிக்கிற எடம், தரையில எண்ணெய ஊத்துனாலும் ஓடாது, அவ்வளவு சமம். வந்து பாருங்க."

பார்த்தார்கள். கரிப்புகை படிந்த சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, தரையில் பழைய எண்ணெய்க் கறை. அழகான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலாயி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். இராசையா கொட்டிலின் நடுவே நின்று, லொறி எந்தப் பக்கமாக உள்ளே வந்திருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

"புடிச்சிருக்கா?" என்றார்.

"இருங்க. இன்னொண்ணு பாக்கணும்."

வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே பொடிமெனிக்கே என்ற சிங்களப் பெண் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலாயியைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும், இவளுக்குக் கொஞ்சம் சிங்களம் வரும். வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, வேலாயி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அந்தக் கலவரம் நடந்தப்ப இந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு?"

பொடிமெனிக்கே மிளகாயைப் பரப்புவதை நிறுத்தினாள்.

"பயம். எங்களுக்கும் பயம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தோம்."

"யாரும் வந்தாங்களா?"

"அந்த ரோட்டுல போனாங்க. நாங்க தெறக்கல." மிளகாயைப் பார்த்தபடி, "வெளிய வந்திருக்கணும். வரல" என்றாள்.

வேலாயி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்துப் பேரைக் காப்பாற்றினோம் என்று அவள் சொல்லியிருந்தால் வேலாயி பேசாமல் திரும்பிப் போயிருப்பாள். உள்ளதைச் சொல்கிற இவளோடு ஒரே வேலியில் குடியிருக்கலாம் என்று தோன்றியது. குனிந்து, ஓரத்தில் கும்பலாகக் கிடந்த மிளகாயை அவளும் கொஞ்சம் பரப்பிவிட்டாள்.

அறுபத்தொன்றில் வீடு அவர்களுடையதாயிற்று. தகரத்தை மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கொட்டிலின் முன்பாதியை அப்படியே திறந்தபடி விட்டு, பின்பாதியை அடைத்து அடுப்படியும் படுக்கும் அறையும் ஆக்கினார்கள். பால் காய்ச்சிய அன்று மாரியாயி பிள்ளைகளோடு வந்தாள். தோட்டத்திலிருந்தும் லொறியின் பின்னால் ஏறி ஆட்கள் வந்தார்கள். லத்தீப் தேங்காயும் சீனியும் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தார். பொடிமெனிக்கே ஒரு தட்டில் பால்சோறு கொண்டுவந்து, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். வேலாயி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது கங்காணி பழைய கதையை எடுத்தார்.

"டிரைவரே, ஆறும் வாழையுமா இருந்திருக்க வேண்டிய ஆளு. இந்தம்மா வேணாம்னு சொன்னதால லொறிக் கொட்டில்ல வந்து நிக்கிறீங்க."

வேலாயி வழக்கம்போல வாயைத் திறந்தாள். அதற்குள் இராசையா பேசிவிட்டார்.

"அவ சொல்லல. எனக்குத்தான் அங்க இருக்கப் புடிக்கல. அவளுக்கு அந்த ஊரு புடிச்சுப் போச்சு. எனக்காக வேணாம்னு சொன்னா."

 கங்காணி பெரிதாகச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொண்டாட்டியை விட்டுக்கொடுக்காத மனுஷன், இந்த வயதிலும் பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. இராசையா இரண்டாந்தரமும் சொல்லிப் பார்த்தார். சிரிப்புதான் கூடியது. வேலாயி தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குள் போனாள். ஏன் கண் கலங்கியது என்று மாரியாயி கேட்டதற்கு, புகை என்றாள்.

இராசையா வேலையை விட்டபிறகும் சும்மா இருக்கவில்லை. கொட்டிலின் முன்பாதியில் ஊர்க்காரர்களின் லொறிகளையும் கார்களையும் பழுது பார்க்கத் தொடங்கினார். மலையேறுகிற புது டிரைவர்கள் வந்து நின்று நமுனுகுல ரோட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். வேலாயி காலையில் எழுந்து, வாசல் பெருக்கி, வயல் வரப்போரமாகப் பொடிமெனிக்கேயோடு ஓயா ஆறுவரைக்கும் நடந்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப் பிள்ளைகள் வந்து, அந்தச் சமமான தரையில் நாளெல்லாம் ஓடித் தீர்ப்பார்கள்.