அப்பா உற்றுப் பார்த்தால்

வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் புட்டியின் மூடியைத் திறந்ததும் பாளையங்கோட்டை வீட்டின் முன்னறை மூக்கில் ஏறிவிட்டது. அங்கேதான் அப்பா இறந்தவர்களின் முகங்களை வரைவார். பதினாறாம் நாள் மாலை போடப் படம் வேண்டுமே. அவர் யாரையாவது சற்று உற்றுப் பார்த்தால் போதும், தெருவே சந்தேகப்படும். "என்ன வே, எனக்கும் நாள் குறிச்சிட்டீராக்கும்?" என்று பால்கார அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏழு வயதில் நான் மஞ்சள்காமாலையில் கிடந்தேன். ஒருநாள் கண் விழித்தால், அப்பா என்னை வரைந்துகொண்டிருந்தார்.

"யப்பா, நான் செத்துருவேனா?"

அந்தத் தாளை அப்போதே கிழித்தார். பிறகு எங்கள் யாரையும் வரைந்ததே இல்லை.

இப்போது நானும் ஓவியம்தான் வரைகிறேன். எண்பது வயது அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏட்டி, எதுக்கு என்னையே பாக்க?"

"சும்மாதாம்ப்பா."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.