இரண்டு முதல் ஏழு மடங்கு வரை

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் பெரிதாகத்தான் வாங்குவோம். வரவேற்பறைச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சியை ஒழுங்காகப் பார்ப்பதென்றால் சமையலறை வரை பின்வாங்க வேண்டும். இடியப்பம் அவிக்கும் பானையை வைத்தால் அடுப்பில் வேறெதற்கும் இடமிருக்காது. அதனால் வேட்டைத் துவக்குக்கு, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கப் போகிறோம் என்றதுமே, கடையில் இருப்பதற்குள் ஆகப் பெரியதில்தான் என் கணவரின் கண் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேட்டை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். அது ஒரு கறியிலிருந்து வந்தது. கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரருக்கு வடக்கே காட்டுக்காணி இருக்கிறது. ஒருமுறை அவர் கொடுத்தனுப்பிய மான் இறைச்சியை எங்கள் ஊர் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினேன். சட்டி வழித்துச் சாப்பிட்ட பிறகு, நாங்களும் போனால் என்ன என்று கணவர் கேட்டார். இருவரும் வகுப்புக்குப் போனோம், சோதனை எழுதினோம், லைசென்ஸ் எடுத்தோம். சுடப் பழகும் இடத்தில் என் குறி அவருடையதைவிட நன்றாக இருந்தது. அதை அவர் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்ததில் எனக்குத்தான் வெட்கம்.

எங்களோடு இருக்கிற என் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?" என்றார்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மான் நினைவுக்கு வராது, ஊர்ச் சண்டையில் துவக்குக்கு முன்னால் நிறுத்தப்பட்ட ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். என் கையிலிருக்கும் துவக்கு ஒருநாளும் ஒரு மனிதர் பக்கம் திரும்பிவிடக் கூடாது. லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து எனக்கிருந்த ஒரே பயம் அதுதான். கணவரிடம் சொன்னபோது, அவ்வளவு பயம் இருக்கிறவர்தான் பத்திரமாகச் சுடுவார் என்று தட்டிக் கொடுத்தார். பயம் போகவில்லை.

மான் வேட்டைக் காலம் கந்தசஷ்டியோடு முட்டியது வேறு. "நான் விரதம், நீங்கள் வேட்டையோ?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாமி, முருகனே வேடர் வீட்டிலைதானே பொம்பிளை எடுத்தவர்?" என்றார் கணவர்.

அம்மா சிரித்துவிடக் கூடாதென்று எழுந்து சாமியறைக்குள் போனார். உள்ளே சிரித்தது கேட்டது.

துவக்குக் கடை றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே, நெடுஞ்சாலையோரமாக இருந்தது. மானுக்கும் கரடிக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூஸ் என்ற மாபெரும் மானுக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே துவக்கு என்று முடிவெடுத்திருந்தோம். கணவரிடம் அந்த வெள்ளைக்காரர் சும்மா கொடுத்த, ஸ்கோப் பூட்ட வழியில்லாத பழைய துவக்கு ஒன்று ஏற்கெனவே இருந்ததால் புதியது என் கைக்குத்தான் வரப்போகிறது. ஆனாலும் கணவரோடு பட்மின்ரன் விளையாடும் கூட்டாளிமார் அவருக்கு நன்றாக ஓதி அனுப்பியிருந்தார்கள். எடுக்கிறதை எடுத்தால் பெரிசாக எடு மச்சான், பிறகு கவலைப்படாதே என்று. அவர்களில் ஒருவர்கூடக் காட்டுப் பக்கம் போனதில்லை.

கடைக்காரர் பொறுமைசாலி. ஸ்கோப்புகளைத் தனியாகக் கையில் தந்து, வாசலில் நின்று பார்க்கச் சொன்னார். ஆறில் தொடங்கி இருபத்துநான்கு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஒன்று கணவரின் கையில் இருந்தது. நீளத்தில் என் வீட்டு ரொட்டி உருட்டும் கட்டைக்குக் கிட்ட வரும்.

"இஞ்சாரும், றோட்டுக்கு அங்காலை டோனற் கடையிலை போட்டிருக்கிற விலைகூடத் தெரியுது!"

"டோனற்றையோ சுடப் போறம்?" என்று கேட்டேன்.

அதை வாங்கி நானும் பார்த்தேன். உண்மையில் ஆசையாகத்தான் இருந்தது. எட்ட நின்ற பைன் மரத்தின் ஊசியிலைகளை எண்ணலாம் போலிருந்தது. பிறகு கார் நிறுத்துமிடத்தில் கிட்ட நின்ற தள்ளுவண்டியைப் பார்க்கத் திருப்பினேன். வண்டி அகப்படவில்லை. ஆகக் குறைந்த ஆறு மடங்கில் வைத்துத் தேடினாலும் கம்பி தெரிந்தது, பிறகு தார் தெரிந்தது, அவ்வளவுதான். கண்ணை எடுத்துப் பார்த்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அடுத்ததாக இரண்டு முதல் ஏழு மடங்கு வரை போகும் சின்னதைத் தந்தார். இரண்டில் வைத்துக் கண்ணுக்குக் கொண்டு போனதும் தள்ளுவண்டி நடுவில் நின்றது. அதன் பக்கத்தில் விளக்குக் கம்பம், அதற்குப் பின்னால் காருக்குள் சாமான் ஏற்றுகிற ஒரு பெண், எல்லாமே ஒரே வட்டத்துக்குள் இருந்தன. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். என் வேலையில் நேரே முன்னால் நிற்பதை எல்லோரும் கண்டுவிடுவார்கள், ஓரத்தில் நிற்பதைக் காணாமல் விடுவதுதான் ஆளைக் கொல்லும். எனக்கு வேண்டியது இது என்று உடனே தெரிந்தது. அந்தக் காட்டில் மரம் நெருக்கம், மான் நூறு யார் தூரத்துக்குள்தான் அகப்படும், வெட்டவெளியில் நின்றாலும் ஏழு மடங்கு தாராளம் என்று கடைக்காரரும் சொன்னார். மூன்று முதல் ஒன்பது வரை போவதுதான் அதிகம் விற்கிறது, அதுவும் பிழையில்லை என்றார். நான் இரண்டில் தொடங்குவதை விட்டுக்கொடுக்கவில்லை.

"உந்தச் சின்னச் சாமானை என்ரை கூட்டாளிமாருக்கு என்னெண்டு காட்டுறது?" என்று வழியெல்லாம் கணவர் புறுபுறுத்தார்.

"மனிசி வாங்கினது எண்டு சொல்லுங்கோ."

வேட்டை தொடங்கிய காலை, மான் இறைச்சி கொடுத்தனுப்பிய அந்தக் காணிக்காரர் எங்களைத் தனித்தனியே கொண்டுபோய் இருத்தினார். நான் ஒரு சரிவின் மேலே, விழுந்து கிடந்த மரத்தோடு. கணவர் சதுப்புக்கு அந்தப் பக்கம், இடையில் ஒரு மேடு. தான் வந்து கூட்டிப்போகும் வரை ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நாங்களும் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம்.

வெயில் ஏறி, கால்விரல்கள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்த நேரத்தில் மான் வந்தது. கொம்பு வைத்த ஆண்மான். சரிவின் கீழே, பழுத்த இலை உதிராத ஓக் கன்றுகளுக்கு நடுவில் பக்கவாட்டாக நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் மெதுவாகத் துவக்கைத் தூக்கினேன். ஸ்கோப் இரண்டில் இருந்தது. மானின் தோள் சிலுவைக் கோட்டுக்குள் வந்து நின்றது. விரல் இன்னும் விசைக்கு வெளியேதான் இருந்தது.

வட்டத்தின் இடது ஓரத்தில், மானுக்குப் பின்னால், ஒரு செம்மஞ்சள் அசைந்தது.

இலை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கன்றுகள் முழுக்க அப்படியான நிறம்தான். ஆனால் இலை நடந்து வராது. அது வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பி. தொப்பிக்குக் கீழே என் கணவர், குனிந்து கிளைகளை விலக்கிக்கொண்டு, மானுக்குப் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தார். மானும் அவரும் என் துவக்கின் வாயும் ஒரே கோட்டில் வர இன்னும் கொஞ்சமே இருந்தது.

துவக்கை வானத்துக்குத் தூக்கினேன். "அங்கையே நில்லுங்கோ!" என்று கத்தினேன். மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. கணவர் ஒரு கையை மேலே தூக்கியபடி அப்படியே உறைந்துபோனார். அந்தக் கையில் தேத்தண்ணி ஊற்றிய சுடுதண்ணிப் போத்தல்.

"கரடியோ?" என்று கேட்டார்.

குண்டுகளை வெளியே எடுத்து, துவக்கை மரத்தோடு வைத்துவிட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டு கீழே போனேன். தேத்தண்ணியும் கோப்பைகளும் தன்னுடைய பையிலேயே வந்துவிட்டனவாம், எனக்குத் தரக் கொண்டுவந்தாராம். எனக்குத் தராமல் அவர் தனியாகத் தேத்தண்ணி குடித்தது கல்யாணம் செய்த நாளிலிருந்து இல்லை. காணிக்காரர் என்ன சொன்னாலும் அந்தக் காட்டிலும் அவருக்கு அது முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். ஏசிக்கொண்டே அவருடைய கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் முழுதாக இருந்தார். மூக்கு சிவந்து, மீசையில் பனி ஒட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஆறுதலை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா, ஏன் அழுறீர்? மான் ஏதும் வந்ததோ?"

"வந்தது."

"பிறகேன் சுடேல்லை?"

"அதுக்குப் பின்னாலை நீங்கள் வந்தனீங்கள்."

அவர் நான் இருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, தான் வந்த தடத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோப்பையை எடுத்து ஊற்றினார். பாதி பனியில் போனது. மீதியை என் கையில் தந்து, நான் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும்" என்றேன். அதில் சீனியே இல்லை.